எடுத்துக்காட்டே பாடம்: கல்லூரி மொழியியல், மொழிபெயர்ப்பியல் பாடப்பொருள் வடிவமைப்பு – ஒரு திறனாய்வு

0. முன்னுரை

கல்லூரி மாணவர்க்கான பாடப்பொருள் ஆர்வமூட்டுவதாக அமைய வேண்டும் என்பதில் எவர்க்கும் கருத்து வேறுபாடு இல்லை. எது ஆர்வமூட்டும் என்பதில்தான் தெளிவு இல்லை. இந்திய மொழிகளில் உயர்கல்விக்கான பாடப்பொருள் மிகப் பெரிய அளவில் உருவாகிவரும் காலம் இது. கல்லூரி அறிவுத்துறை நூல்களை எட்டாவது அட்டவணை மொழிகளில் பெயர்ப்பதற்கென 2008இல் தேசிய மொழிபெயர்ப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. 2017 முதல் சுவயம் இணையத்தளத்தின் வழியாகக் கல்லூரிப் பாடங்கள் நாடெங்கும் வழங்கப்படுகின்றன. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இந்திய மொழிகள் வழியான உயர்கல்வியை வலியுறுத்தியது. ஐந்து ஆண்டுகளில் 22 மொழிகளில் 22,000 நூல்களைக் கொண்டுவரும் இலக்குடன் 2024 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு அஸ்மிதா என்னும் திட்டத்தை அறிவித்தது. இந்நூல்களுள் ஒரு பகுதி மொழிபெயர்ப்பாகவும் ஒரு பகுதி நேரடி ஆக்கமாகவும் அமையும்.

எண்ணிக்கை பற்றிய இலக்குகள் தெளிவாக உள்ளன. ஆனால், இந்நூல்களைக் கையில் எடுக்கும் இளங்கலை மாணவர் இரண்டாவது இயலுக்குச் செல்வாரா என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. இக்கட்டுரை அவ்வினாவை நமக்கு அண்மையான இரு துறைகளில், அதாவது மொழியியல், மொழிபெயர்ப்பியல் ஆகியவற்றின் தொடக்கநிலைப் பாடங்களில், எழுப்பி ஆராய்கிறது. பாடத்தின் சுவை அதன் எடுத்துக்காட்டிலும், அது பாடத்தில் நிற்கும் இடத்திலும் தங்கியுள்ளது என்பதும், எடுத்துக்காட்டைச் சொற்பெயர்ப்பாகக் கொண்டுவரும் நூல் அச்சுவையை அழித்துவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள்.

1. வழக்கமான மூன்று விளக்கங்கள்

மொழியியல் பாடம் மாணவர்க்குச் சலிப்பூட்டுவதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன.

முதலாவது, மாணவரின் தரம். இவ்விளக்கம் பாடத்தை ஆராயாமலே மாணவரைக் குற்றவாளியாக்குகிறது. எழுத்துப்பிழை பற்றியும் வட்டார வழக்கைப் பற்றியும் விடுதி அறைகளில் மணிக்கணக்கில் வாதிடும் அதே மாணவர்களே மொழியியல் வகுப்பில் உறங்குகின்றனர். மொழி பற்றிய ஆர்வம் அவர்களிடம் இருக்கிறது. அது வகுப்புக்குள் வருவதில்லை.

இரண்டாவது, கலைச்சொற்களின் கடுமை. அறிவியல், தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் 1961இல் அமைக்கப்பட்ட காலம் முதல் இந்திய மொழிப் பாடநூல் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் கலைச்சொல்லைச் சுற்றியே நிகழ்ந்துள்ளன. ஒலியன், உருபன், தொடரன் என்பன தமிழ் மாணவர்க்குக் கடினமான சொற்கள் அல்ல. 'ஒலி', 'உருபு' என்னும் அடிச்சொற்கள் வெளிப்படையாகவே தெரிகின்றன. சொல் விளங்குகிறது, அச்சொல் ஏன் தேவைப்பட்டது என்பதுதான் விளங்குவதில்லை.

மூன்றாவது, காட்சிக் கருவிகளின் குறைவு. இன்று இக்குறை பெரிதும் நீங்கிவிட்டது. சுவயம் பாடங்கள் காணொளி விரிவுரை, மின்னெழுத்துப் பாடம், கலந்துரையாடல், தன்மதிப்பீடு என நான்கு கூறுகளாக வகுக்கப்படுகின்றன. வகுப்பின் அளவில் இது சிறந்த ஏற்பாடே. ஆயினும் மின்னெழுத்துப் பாடத்தில் உள்ள வரையறையை ஆசிரியர் காணொளியில் வாசித்து, அதே வரையறையைத் தன்மதிப்பீட்டில் நான்கு விடைகளுள் ஒன்றாகத் தேடச் சொன்னால், கிடைப்பது நான்கு வடிவங்களில் ஒரே வரையறைதான். கருவி மாறியது, பாடத்தின் உள்ளமைப்பு மாறவில்லை.

2. வரையறையின் முதன்மை

அவ்வுள்ளமைப்பு யாது? இளங்கலை, முதுகலைத் தமிழ்ப் பாடத்திட்டங்களில் மொழியியல் பெரும்பாலும் ஒரே வரிசையில் அமைகிறது: வரையறை, அறிஞர் கூற்றுகள், வகைகள், எடுத்துக்காட்டுகள், பயன்கள். ஒலியன் என்பதன் வரையறை முதலில் வருகிறது. அதற்கு மூன்று அறிஞர்களின் கூற்றுகள் தொடர்கின்றன. பின்னர் மாற்றொலி, துணைநிலை வழக்கு, உறழ்ச்சி ஆகியன வகைப்படுத்தப்படுகின்றன. இயலின் இறுதியில் ஓரிரு எடுத்துக்காட்டுகள் இடம்பெறுகின்றன.

இவ்வரிசை தருக்க முறைக்கு ஏற்றதாகத் தோன்றலாம். கற்றலின் முறைக்கு இது எதிரானது. ஒலியன் என்னும் கருத்து ஒரு விடை. எந்த வினாவுக்கு அது விடையாகப் பிறந்ததோ அவ்வினாவை அறியாத மாணவரிடம் விடையை முதலில் கொடுப்பது, விடுகதையைச் சொல்லாமல் அதன் விடையை மட்டும் சொல்வதற்கு ஒப்பாகும். கேட்பவர் அதை மனப்பாடம் செய்யலாம். அதில் மகிழ்ச்சி அடைய இயலாது.

அண்மைக் காலப் பாடத்திட்டங்கள் இக்குறையை உணர்ந்துள்ளன என்பதற்கு அவற்றின் முகப்புப் பக்கங்களே சான்று. புளூமும் அவருடன் பணியாற்றியவர்களும் 1956இல் வெளியிட்டு, 2001இல் பிறரால் திருத்தப்பெற்ற கற்றல் நோக்க வகைப்பாட்டைப் பின்பற்றி, நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், படைத்தல் என்னும் ஆறு நிலைகளையும் பாடத்தின் விளைவுகளாக அவை பட்டியலிடுகின்றன. ஆனால் அதே பாடத்தின் வினாத்தாள் 'ஒலியன் என்றால் என்ன?', 'உருபன் வகைகளை விளக்குக' என்றே கேட்கிறது. முகப்பில் ஆறு நிலைகள். தேர்வில் முதல் நிலை மட்டும். மாணவர் நம்புவது தேர்வைத்தான்.

3. இடம்பெயர்ந்த எடுத்துக்காட்டுகள்

வரையறை முதலில் நிற்பது ஒரு குறை என்றால், இறுதியில் வரும் எடுத்துக்காட்டு வேற்றுமொழிக்கு உரியதாக இருப்பது அதனினும் பெரிய குறை.

3.1 ஒலியன்

மாற்றொலியை விளக்க ஆங்கில நூல்கள் வழக்கமாகத் தரும் எடுத்துக்காட்டு 'பின்', 'ஸ்பின்' என்னும் ஆங்கிலச் சொல்லிணையாகும். முதற்சொல்லின் பகர ஒலி மூச்சுடன் வெடிக்கிறது. இரண்டாவதில் சகர ஒலிக்குப் பின் வருவதால் மூச்சின்றி ஒலிக்கிறது. இரண்டும் ஆங்கிலத்தில் ஓர் ஒலியனின் மாற்றொலிகள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர் உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து இதைத் தாமே சோதித்து அறியலாம். எடுத்துக்காட்டின் ஆற்றல் முழுவதும் அந்தச் சோதனையில் உள்ளது.

தமிழ் மாணவர் இதே சோதனையைச் செய்தால் என்ன நிகழும்? நம்மவர் பேசும் ஆங்கிலத்தில் சொல்லின் முதற்பகரம் பொதுவாக மூச்சொலியாக இருப்பதில்லை. ஆகவே இரண்டு சொற்களிலும் மாணவர் கேட்பது ஒரே பகரம். தமிழ்ப் பாடநூல் 'இவ்விரு பகரங்களும் வேறுபட்டு ஒலிக்கின்றன' என்கிறது. மாணவரின் செவி 'இல்லை' என்கிறது. செவியை நம்பாது நூலை நம்ப வேண்டும் என்பதே அவர் மொழியியலிலிருந்து கற்கும் முதற்பாடமாகிறது. நோக்கித் தெளிதலை அடிப்படையாகக் கொண்ட ஒரு துறைக்கு இதைவிடத் தீங்கான தொடக்கம் இருக்க இயலாது.

இவ்விடத்தில் தமிழே தரக்கூடிய பாடம் எத்தகையது என்பதைக் காண்போம். கல், பக்கம், தங்கம், மகன் ஆகிய நான்கு சொற்களைக் கரும்பலகையில் எழுதி, க என்னும் எழுத்து ஒவ்வொன்றிலும் எவ்வாறு ஒலிக்கிறது என்று கேட்கலாம். சொல்முதலில் ஒலிப்பின்றியும், இரட்டிக்கும்போது அவ்வாறே சற்று நீண்டும், மெல்லினத்தின் பின் ஒலிப்புடனும், உயிர்களுக்கு இடையில் உரசொலியாகவும் அது வருகிறது. உயிரிடை ஒலிப்பு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவதால் வகுப்பிலேயே கருத்து வேறுபாடு எழும். அவ்வேறுபாடும் பாடத்துக்குரிய தரவே. 'இத்தனை ஒலிகளுக்கும் ஒரே எழுத்தை வைத்தவர் குறையாக எழுதினாரா, நிறைவாக எழுதினாரா?' என்பது அடுத்த வினா. இடம் நோக்கி ஒலியை முன்னறிய முடிவதால் வேறு எழுத்து தேவைப்படவில்லை என்பதை மாணவர் கண்டறியும் கணத்தில் துணைநிலை வழக்கு என்னும் கருத்து அவருடையதாகிறது. பெயரை ஆசிரியர் பிறகு சொல்லலாம்.

பாடம் இத்துடன் முடிவதில்லை. பசுவிலிருந்து கறக்கும் பால், மட்டைப்பந்து ஆட்டத்தில் வீசப்படும் பால். அறத்துக்கு மாறான பாவம், ஆடற்கலையில் முகம் காட்டும் பாவம். இவ்விணைகளில் எழுத்து ஒன்றே, ஒலி ஒலிப்பின்மையாலும் ஒலிப்பாலும் வேறுபடுகிறது, பொருளும் வேறுபடுகிறது. கடன்சொற்களால் இன்றைய தமிழில் ஒலிப்புடைய பகரம் தனி ஒலியனாகிவிட்டதா? ஆம் என்போர் இத்தகைய இணைகளைக் காட்டுவர். அல்ல என்போர் இவற்றைக் கடன்சொல் அடுக்காகப் பிரித்து நிறுத்துவர். அறிஞரிடையே வாதத்துக்குரிய இவ்வினா முதலாண்டு மாணவர் எட்டும் தொலைவிலேயே உள்ளது.

3.2 உருபன்

மாற்றுருபை விளக்க ஆங்கில நூல்கள் பன்மை விகுதியின் மூன்று ஒலிப்புகளைக் காட்டும். தமிழ்ப் பாடநூலும் அதையே பெயர்த்துத் தருவதுண்டு. தமிழில் பன்மை விகுதியைப் பற்றி ஒரு பொதுவிவாதமே நிகழ்ந்துவருகையில் ஆங்கில விகுதியைத் தேடிச் செல்வது வியப்புக்குரியது. வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? நாள்களா, நாட்களா? செய்தியாளரும் ஆசிரியரும் அழைப்பிதழ் அச்சிடுவோரும் ஆண்டுதோறும் எழுப்பும் இவ்வினாக்கள் பாடநூலின் உருபனியல் இயலில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

தரவை வரிசைப்படுத்தினால் இவ்வினாக்களின் செறிவு விளங்கும். பூக்கள், ஈக்கள் என நெட்டெழுத்து ஒன்றாலான சொற்களின் பின் ககரம் இரட்டிக்கிறது. பசுக்கள், அணுக்கள் என முற்றியலுகரத்தின் பின்னும் இரட்டிக்கிறது. வீடுகள், காடுகள் எனக் குற்றியலுகரத்தின் பின் இரட்டிப்பதில்லை. அவ்வாறாயின் குற்றியலுகரமான வாழ்த்து என்பதன் பின்னும் இரட்டிக்கக் கூடாது என்பர் ஒருசாரார். பாட்டுப் போட்டி, எழுத்துக் கலை என வன்றொடர்க் குற்றியலுகரத்தின் பின் வல்லினம் மிகுதல் முறையே என்பர் மற்றொரு சாரார். அது இரு சொற்கள் புணரும் இடத்துக்கு உரிய விதி, கள் என்பதோ விகுதி என்று முதற்சாரார் மறுப்பர். சொல்லெல்லை, உருபன் எல்லை ஆகியவற்றின் வேறுபாடு இங்கே தானாகவே வாதத்தின் மையமாகிறது. எந்த வரையறையும் இதை இவ்வளவு கூர்மையாக முன்வைக்காது.

லகர, ளகர ஈறுகள் மேலும் சுவையானவை. கற்கள், சொற்கள், பற்கள், முட்கள் எனத் தனிக்குறிலை அடுத்த ஈறு திரிகிறது. கால்கள், நூல்கள், தோள்கள், தேள்கள், கோள்கள் என நெடிலை அடுத்த ஈறு திரிவதில்லை. இவ்வொழுங்கை மாணவர் பத்து நிமிடங்களில் கண்டறிந்துவிடுவர். அதன்படி நாள்கள், ஆள்கள் என்பனவே எதிர்பார்க்கத்தக்கவை. ஆயினும் நாட்கள், ஆட்கள் என்பன பெருவழக்காக உள்ளன. நாட்கள் என்பது நாட்பட்ட கள்ளைக் குறிக்கும் என்று நகையாடித் திருத்துவோர் உண்டு. திருத்துதல் மொழியியலாரின் முதற்பணி அன்று. ஏன் என்று கேட்பதே அவர் பணி. நாட்குறிப்பு, நாட்காட்டி, ஆட்கொல்லி போன்ற தொகைச்சொற்களின் செல்வாக்கா? மிகுதியாகப் பயிலும் சொற்கள் ஒழுங்கிலிருந்து விலகும் பொதுப்போக்கா? பொருள்கள், பொருட்கள் என்னும் உறழ்ச்சியையும் இதே விளக்கத்துள் அடக்கலாமா? விடை முழுமையாக அமையாத இடத்தில் ஆய்வு தொடங்குகிறது என்பதை மாணவர் உணர இதனினும் எளிய வாயில் இல்லை.

3.3 தொடர்

எழுவாய் என்பது வினைமுற்று எதனோடு இயைகிறதோ அது என்னும் விளக்கம் ஆங்கில வழி நூல்களிலிருந்து வருவது. 'குமாருக்குத் தன் ஊர் பிடிக்கும்' என்னும் தொடரில் 'தன்' என்பது குமாரைச் சுட்டுகிறது. பொதுவாக எழுவாயைச் சுட்டும் அச்சொல் இங்கு நான்காம் வேற்றுமைப் பெயரைச் சுட்டுகிறது. வினையோ அப்பெயரோடு இயையவில்லை. எழுவாய்க்கு உரியனவாக நாம் கருதும் பண்புகள் இரண்டு பெயர்களிடையே பிரிந்து நிற்கின்றன. இவ்வொரு தொடரை முன்வைத்தால் எழுவாய் பற்றிய ஒரு முழு வகுப்பும் நடைபெறும்.

4. மொழிபெயர்ப்பியல் பாடம்

மொழிபெயர்ப்பியலின் நிலையும் வேறுபட்டதன்று. நைடாவின் 1964ஆம் ஆண்டு நூல், கேட்போர்டின் 1965ஆம் ஆண்டு நூல் ஆகியவற்றிலிருந்து வரையறைகளும் நிகரன் வகைகளும் எடுத்துத் தரப்படுகின்றன. மாணவர் அவ்வகைகளின் பெயர்களை அறிவார்; எந்த இடர்ப்பாட்டின் முன் அவ்வகைகள் பயன்படும் என்பதை அறியார்.

ஒரே ஒரு சொல்லைக் கொண்டு இப்பாடத்தைத் தொடங்க இயலும். இந்திய அரசியலமைப்பின் முகப்புரை ஆங்கிலத்தில் 'நாம்' அல்லது 'நாங்கள்' என்று பொருள்படும் தன்மைப் பன்மைச் சொல்லோடு தொடங்குகிறது. ஆங்கிலத்துக்கு இவ்வேறுபாடு இல்லை, இந்திக்கும் இல்லை. கேட்போரை உளப்படுத்தும் தன்மைப் பன்மையும் உளப்படுத்தாத தன்மைப் பன்மையும் உடைய மொழிகளில் பெயர்ப்போர் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். தமிழ் வடிவம் 'நாம்' என்பதைத் தேர்ந்தது. மலையாள வடிவமும் அவ்வாறே. தெலுங்கு வடிவமோ 'மனமு' என்பதை விடுத்து உளப்படுத்தாத 'மேமு' என்பதைக் கொண்டது. மராத்தி வடிவம் 'ஆப்பண்' என்பதை விடுத்து 'ஆம்ஹி' என்பதையும், குஜராத்தி வடிவம் 'ஆபணே' என்பதை விடுத்து 'அமே' என்பதையும் கொண்டன.

எது சரி? மக்கள் தமக்குத் தாமே இவ்வரசியலமைப்பை வழங்கிக்கொள்கின்றனர் என்பதே முகப்புரையின் கருத்து. பேசுவோரும் கேட்போரும் ஒருவரே என்று கொண்டால் 'நாம்' பொருந்தும். வாசிக்கும் குடிமகனும் அச்சொல்லுக்குள் அடங்கிவிடுகிறான். உலகின் முன்னிலையில், அல்லது வரலாற்றின் முன்னிலையில், மக்கள் செய்யும் அறிவிப்பு என்று கொண்டால் 'மேமு', 'ஆம்ஹி' என்பன பொருந்தும். இரண்டுக்கும் நியாயம் உண்டு. மூலத்தில் இல்லாத ஓர் இலக்கணக் கூறு பெயர்ப்பாளரை அரசியல் மெய்யியலின் வாயிலில் கொண்டு நிறுத்துகிறது. இதை வகுப்பில் வைத்தால், தெலுங்கும் மராத்தியும் அறிந்த மாணவர் ஒருவர் இருந்தாலே போதும். பன்மொழி நாட்டில் மொழிபெயர்ப்பியல் கற்பதன் பொருள் விளங்கிவிடும். நிகரன் கொள்கைகளை அதன் பின்னர் கற்பிக்கலாம். அப்போது அவை விடைகளாகத் தோன்றும்.

5. வினாவை அலகாகக் கொண்ட மரபு

இங்குக் கூறப்படும் முறை புதிதன்று. கிளீசனின் மொழியியல் அறிமுக நூல் 1955இல் வெளிவந்தபோது அதனுடன் ஒரு பயிற்சி நூலும் வெளிவந்தது. தரவைக் கொடுத்து ஒழுங்கைக் காணச் செய்வதே அதன் முறை. நைடாவின் உருபனியல் நூலும் பன்மொழிப் பயிற்சிகளால் நிறைந்தது. அறிஞர் கூற்றுகளை அந்நூல்களிலிருந்து எடுத்துக்கொண்ட நம் பாடத்திட்டங்கள் பயிற்சிகளை விட்டுவிட்டன.

உருசியாவில் இம்மரபு வேறொரு வடிவம் பெற்றது. அறியாத மொழியின் சில தொடர்களையும் அவற்றின் பொருளையும் மட்டும் கொடுத்து, அம்மொழியின் இலக்கணத்தை உய்த்தறியச் செய்யும் சிக்கல்களைச் சாலிஸ்னியாக் 1963இல் வெளியிட்டார். சுரின்ஸ்கியின் முயற்சியால் 1965இல் மாஸ்கோவில் பள்ளி மாணவர்க்கான முதல் மொழியியல் ஒலிம்பியாடு நடைபெற்றது. பன்னாட்டு ஒலிம்பியாடு 2003இல் பல்கேரியாவில் தொடங்கி, 2016இல் மைசூரில் நிகழ்ந்தது. பள்ளி மாணவர்கள் விடுமுறையில் விரும்பிச் செய்யும் பணியை, மொழியியலையே பாடமாக எடுத்த கல்லூரி மாணவர்க்கு நாம் வழங்குவதில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. ஒலிம்பியாடுச் சிக்கலுக்கு ஒரே விடை இருக்கும். தரவு அதற்கேற்பச் செதுக்கப்பட்டிருக்கும். உண்மையான மொழி அவ்வாறு அமைவதில்லை. நாட்கள் போல எஞ்சி நிற்கும் வடிவங்களை நீக்கிவிட்டால் பாடம் புதிர் விளையாட்டாகக் குறுகிவிடும். மேலும், தாய்மொழித் தரவோடு நின்றுவிடும் மாணவர் தமிழின் ஒழுங்கை மொழிகளின் பொது ஒழுங்கு எனக் கருதக்கூடும். ஆங்கிலப் பகரத்தின் மூச்சொலியைக் கற்பிக்கவே கூடாது என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. தமிழ்க் ககரத்துக்குப் பின், ஒலிப்பதிவின் துணையோடு, ஒப்பீடாக அது வருதல் வேண்டும். அதே மூச்சொலி இந்தியில் பொருளை வேறுபடுத்தும் தனி ஒலியனாக நிற்பதையும் அதனுடன் காட்டினால் ஒப்பீடு நிறைவுறும்.

இம்முறையில் பாடத்திட்டம் முழுவதையும் நடத்தி முடிக்க இயலாது என்பது ஆசிரியர் பலர் கூறக்கூடிய தடை. இது பொய்யன்று. ஐந்து அலகுகளில் இருபது தலைப்புகளை அடக்கும் பாடத்திட்டத்தில் வினாவுக்கு இடமில்லை. ஆகவே ஆர்வமூட்டும் பாடப்பொருள் என்பது ஆசிரியரின் தனித்திறன் சார்ந்ததாக மட்டும் இருக்க இயலாது. தலைப்புகளைக் குறைக்கும் துணிவு பாடத்திட்டக் குழுவுக்கு வேண்டும்.

6. பெயர்ப்பாளரின் பொறுப்பு

ஆங்கிலப் பாடநூலைப் பெயர்ப்போர் எடுத்துக்காட்டுகளை மூவகையாகப் பிரித்து நோக்குவது பயன் தரும்.

முதல்வகை, வாதம் குறிப்பிட்ட மொழியின் உண்மையையே சார்ந்திருப்பது. ஆங்கில உயிரொலிகளின் வரலாற்று மாற்றம் போன்றவை இவ்வகையின. இவற்றை ஒலிபெயர்ப்போடும் விளக்கத்தோடும் அவ்வாறே நிறுத்த வேண்டும். இரண்டாம் வகை, பொதுக் கருத்து ஒன்றை விளக்க மட்டும் வந்த எடுத்துக்காட்டு. மாற்றுருபுக்குப் பன்மை விகுதி இவ்வகைத்து. இவற்றைத் தமிழ்த் தரவால் மாற்றுதல் வேண்டும். மூன்றாம் வகை, தமிழ்த் தரவு முரணி நிற்பது. எழுவாய் பற்றிய விளக்கம் இத்தகையது. இங்கு மூலத்தை நிறுத்தி, தமிழ்த் தரவை எதிர்ச்சான்றாக உடன் வைத்தல் வேண்டும். மாணவர் இரு மொழிகளுக்கு இடையே நின்று சிந்திக்கும் வாய்ப்பு இம்மூன்றாம் வகையில்தான் மிகுதி.

இப்பணி சொற்பெயர்ப்பைவிடக் கடினமானது, துறையறிவு வேண்டுவது. பெயர்ப்பாளருக்கு இதற்குரிய உரிமை ஒப்பந்தத்திலேயே வழங்கப்பட வேண்டும். மூலநூலின் உரிமையாளரிடம் இசைவு பெறும்போது எடுத்துக்காட்டுகளை மாற்றும் இசைவையும் சேர்த்துப் பெறுவது பதிப்பிக்கும் நிறுவனத்தின் கடமை. பக்கக் கணக்கில் மட்டும் ஊதியம் வழங்கும் முறையில் எந்தப் பெயர்ப்பாளரும் ஓர் எடுத்துக்காட்டுக்காக ஒரு நாளைச் செலவிட முன்வரார்.

இயந்திர மொழிபெயர்ப்பு பாடநூல் ஆக்கத்தில் இடம்பெறத் தொடங்கியுள்ள இன்று இச்சிக்கல் கூர்மையடைகிறது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அனுவாதினி போன்ற கருவிகள் பொறியியல் நூல்களின் விளக்க நடையைப் பெயர்ப்பதில் உதவக்கூடும். மொழியே பொருளாக உள்ள நூலில் நிலை வேறு. ஆங்கிலப் பன்மைச் சொற்கள் மூன்றைப் 'பூனைகள், நாய்கள், குதிரைகள்' எனப் பெயர்த்துவிட்டு, 'இவற்றின் ஈறு மூன்று வகையாக ஒலிக்கிறது' என்று அடுத்த வரியைப் பெயர்த்தால், ஒவ்வொரு தொடரும் பிழையற்ற தமிழாக இருக்கும். பத்தி மட்டும் பொருளற்றதாகும். திருத்துநர் தமிழ்நடையை மட்டும் நோக்கினால் இப்பிழை அவர் கண்ணில் படாது.

7. ஒரு மாதிரி அலகு

மேற்கூறியவற்றைச் செயல்வடிவில் காட்ட, உருபனியல் அலகொன்றை ஆறு வகுப்புகளுக்கு இவ்வாறு வகுக்கலாம்.

முதல் வகுப்புக்கு முன், ஒவ்வொரு மாணவரும் ஒரு நாளிதழிலிருந்தும் தம் தெருவின் பெயர்ப்பலகைகளிலிருந்தும் கள் விகுதி பெற்ற நாற்பது சொற்களைத் தொகுத்து வருதல். முதல் வகுப்பில் அவற்றைச் சொல்லின் ஈறு நோக்கி வகைப்படுத்துதல். இரண்டாம் வகுப்பில் இரட்டித்தலுக்கும் திரிதலுக்கும் விதி காண முயலுதல். மூன்றாம் வகுப்பில் விதிக்கு அடங்காத வடிவங்களைத் தனியே எடுத்து, அவற்றுக்குரிய விளக்கங்களை எதிரெதிர் வைத்து விவாதித்தல்.

நான்காம் வகுப்பில் நன்னூலை அணுகுதல். லகர, ளகரங்களின் முன் வல்லினம் வரும்போது வேற்றுமையில் திரிதலையும், அல்வழியில் திரிந்தும் திரியாதும் வருதலையும் நன்னூல் கூறுகிறது. தாமே தரவோடு போராடிய மாணவர் இவ்விதியைப் படிக்கும்போது, பழைய இலக்கணியைத் தம்மைப் போல் ஒரு தரவை எதிர்கொண்டவராகக் காண்பர். மரபிலக்கணமும் மொழியியலும் பகைப்புலங்கள் என்னும் எண்ணம் அவரிடம் தோன்றாது. ஐந்தாம் வகுப்பில்தான் உருபன், மாற்றுருபு ஆகியவற்றின் வரையறைகள் வருகின்றன. ஆறாம் வகுப்பில் மாணவர் அறியாத மொழி ஒன்றின் பன்மைத் தரவைக் கொடுத்து அதே முறையைப் பயன்படுத்தச் செய்தல்.

தேர்வு வினாவும் இதற்கு இயைய வேண்டும். வில், மின்னல், வாள், பரு, கூத்து, கடிதம் ஆகியவற்றின் பன்மை வடிவங்களைத் தந்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் கூறுக; உறழ்ச்சிக்கு இடமுள்ளவற்றைச் சுட்டி, உமது தேர்வுக்கு நியாயம் காட்டுக. இவ்வினாவுக்குக் கையேட்டில் விடை இராது. மதிப்பெண் வழங்குவது சற்றுக் கடினமாகும். அக்கடினத்தை ஏற்பது ஆசிரியரின் பங்கு.

இவ்வலகுக்குக் காணொளியோ வண்ணப்படமோ தேவையில்லை. இருந்தால் தீங்கில்லை. ஒரு நாளிதழும் கரும்பலகையும் போதும் என்பதால், கருவி வசதியற்ற ஊரகக் கல்லூரிக்கும் இது பொருந்தும்.

8. முடிவுரை

ஆர்வமூட்டல் என்பதைப் பாடத்தின் மேற்பூச்சாகக் கருதும் போக்கு நம்மிடையே வளர்ந்துள்ளது. பாடப்பொருள் ஓரிடத்தில் எழுதப்படுகிறது. அதைச் சுவையாக்கும் பணி வேறொருவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. எடுத்துக்காட்டின் தேர்வும் அதன் இடமுமே பாடத்தின் அமைப்பு எனக் கொண்டால் இப்பிரிவினை நில்லாது.

வரும் ஆண்டுகளில் இந்திய மொழிகளில் வெளிவரும் பல்லாயிரம் நூல்கள் ஆங்கில எடுத்துக்காட்டுகளைச் சுமந்தே வருமாயின், தமிழ் அறிவை எடுத்துச்செல்லும் ஊர்தியாகும்; அறிவுக்குரிய பொருளாகாது. ஊர்திக்கு மாற்று எளிதில் கிடைக்கும் என்பதை ஆங்கில வழிக் கல்வியின் வரலாறு நமக்குக் காட்டியுள்ளது. தமிழில் படித்ததனால் மட்டுமே தமக்குக் கிட்டிய ஒரு கண்டுபிடிப்பேனும் ஒவ்வொரு மாணவருக்கும் இருத்தல் வேண்டும். மொழியியல் பாடத்தில் அதை அமைத்துக் கொடுப்பது எளிது. தரவு அவர் நாவிலேயே இருக்கிறது. அதைக் கேட்கும் வினாவை நூலில் வைப்பதே பாட ஆசிரியருக்கும் பெயர்ப்பாளருக்கும் உரிய பணி.